சீசனுக்கு முந்தைய ஹைட்ரா

ஜூலை, ஆகஸ்ட்டில் ஏஜியன் கடலை நாள்கணக்கில் விரட்டும் வடக்குக் காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். மே மாதத்தில் அது இன்னும் முழு வேகம் பிடித்திருக்காது. ஏதென்ஸை ஒட்டிய அலிமோஸ் துறையிலிருந்து பாய்மரப் படகுகள் கிளம்பத் தொடங்கும் நேரம் இது.

அவற்றை ஓட்டும் ஸ்கிப்பரின் கைத்திறனைப் பார்க்க ஹைட்ரா தீவின் குட்டித் துறைமுகத்துக்குப் போக வேண்டும். மோட்டார் வண்டிகளுக்குத் தடையுள்ள ஊர். கரையில் கோவேறு கழுதைகள் சுமைக்குக் காத்து நிற்கும். படகைப் பக்கவாட்டில் அணைத்துக் கட்ட இடம் போதாது. கரையிலிருந்து தள்ளியே நங்கூரத்தை இறக்கி, சங்கிலியைச் சீராக விட்டபடி பின்னோக்கி வர வேண்டும். புரொப்பெல்லரின் சுழற்சி படகின் பின்புறத்தை ஒரு பக்கம் இழுக்கும். பக்கக் காற்று முன்புறத்தைத் தள்ளும். தேர்ந்தவர் இரண்டையும் முன்பே கணக்கில் வைத்து, காற்று வரும் பக்கத்துக் கயிற்றை முதலில் கரைக்கு எறிகிறார். பிறகு சங்கிலியை இறுக்கி, நங்கூரம் பிடித்துவிட்டதா என்று பார்க்கிறார். என்ன அழகான வேலை!

சீசனில் இங்கே ஒரு படகின் சங்கிலிமேல் இன்னொன்று விழும். காலையில் சிக்கலை அவிழ்ப்பதே பெரும்பாடு. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் யாரையும் இடிக்காமல், சரியாக வரவில்லையென்றால் வெளியே போய்ச் சுற்றி மறுபடி வந்து பழக, இந்த மாதத்தைவிட நல்ல காலம் வாய்க்காது.