‘எல்’: ஒரு படர்க்கைப் பெயரின் அரசியல்

பிரெஞ்சில் மேசை பெண்பால். நாற்காலி பெண்பால், கைவைத்த சாய்வு நாற்காலி மட்டும் ஆண்பால். மனிதருக்கு மட்டும் ஆண்பால், பெண்பால் தந்துவிட்டு மற்றதையெல்லாம் அஃறிணையில் தள்ளிய இலக்கணத்தில் வளர்ந்த நமக்கு இது வேடிக்கைதான். இந்த வேடிக்கையின் பின்னால்தான் அரசியல் ஒளிந்துகொள்கிறது. மேசைக்குப் பால் தற்செயலாக ஒட்டியது, ஆகவே இலக்கணப் பால் வேறு, உடலின் பால் வேறு, சும்மா கிளறாதீர்கள் என்பது வாதம். 1984இல் பெண்களின் பதவிப் பெயர்களை ஆராய அரசு ஒரு குழு அமைத்தபோது பிரெஞ்சு அகாதெமி சொன்னதன் சாரம் இதுவே. பெண்பால் பதவிப் பெயர்களை அது ஏற்றுக்கொள்ள 2019 ஆயிற்று.

மேசையை விடுங்கள், மனிதரிடம் வருவோம். நூறு பெண்கள் நின்றால் ‘எல்’. நடுவில் ஒரு ஆண் வந்து நின்றுவிட்டால் அத்தனை பேரும் ‘இல்’, அதாவது ஆண்பால் பன்மை. ஆணுக்குப் பதில் ஒரு நாய் வந்தாலும் வினை ஆண்பாலுக்கே இயைகிறது. ஆண்பால் பெண்பாலை வெல்கிறது என்றே பள்ளியில் இதைக் கற்பித்தார்கள். ஆண் மேலானவன், ஆகவே ஆண்பாலும் மேலானது என்று 1767இல் நிகோலா போசே என்ற இலக்கணகாரர் ஒளிக்காமலே எழுதினார். இதில் தற்செயல் எங்கே வந்தது?

ஆங்கிலம் தப்பித்துவிட்டது என்பார்கள். பழைய ஆங்கிலத்தில் பெயர்களுக்கு மூன்று பால் இருந்தது. விகுதிகள் தேய, அது உதிர்ந்தது. அதிகாரம் உதிரவில்லை. சட்டங்களில் ஆண்பால் சொல் பெண்களையும் அடக்கும் என்று 1850இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சட்டமே போட்டது. அதை நம்பி வாக்குரிமை கேட்டுப் போன பெண்களிடம் 1868இல் நீதிமன்றம் கையை விரித்தது. தண்டனைக்கு ‘அவன்’ என்றால் அவளும்தான். ஓட்டுக்கு மட்டும் ‘அவன்’ அவனேதான்.

இந்த இடத்தில்தான் மோனிக் விட்டிக் முக்கியமாகிறார். 1969இல் வந்த ‘லே கெரியேர்’ நாவலில் கதையை நடத்துவது தனிமனிதத் தன்னிலை அல்ல, ‘எல்’ என்ற பெண்பால் பன்மை. உலகைப் பெண்மயமாக்குவதல்ல அவர் நோக்கம். ‘இல்’ மட்டுமே அமர்ந்திருந்த ‘எல்லோரும்’ என்ற நாற்காலியில் ‘எல்’லை உட்காரவைப்பது, அதன் வழியே பால் என்ற வகைமையையே செல்லாக்காசாக்குவது. 1971இல் ஆங்கிலத்தில் பெயர்த்த டேவிட் லெ வே அதைப் ‘பெண்கள்’ என்று ஆக்கிவிட்டார். எல்லோரும் என்பது மறுபடி ஒரு பகுதியாகச் சுருங்கிப்போனது. 1985இல் எழுதிய கட்டுரையில் விட்டிக் இதைக் கண்டித்தார்; ஆங்கிலத்தின் பொதுவான ‘தே’யையே கைப்பற்றியிருக்க வேண்டும் என்றார்.

மொழிபெயர்ப்பாளரை முட்டாள் என்று நான் சொல்லமாட்டேன். பால் காட்டாத ‘தே’ போர் செய்கிறது என்றால் வாசக மனம் ஆண்களைத்தான் பார்க்கும் என்று அவர் அஞ்சியிருக்கலாம். அந்த அச்சம் நியாயமானது. ஆனால் அந்த மனப்பழக்கத்தை உடைப்பதுதான் பிரதியின் வேலை. மொழிபெயர்ப்பு அதற்கு அடிபணிந்துவிட்டது. நம் பலர்பாலும் அப்படித்தான். ‘அவர்கள் மறியல் செய்தார்கள்’ என்றதும் உங்கள் கண்முன் வந்து நிற்பது யார்? தமிழில் இந்த நாவலைச் செய்பவர் ‘அவர்கள்’ என்றே பிடிவாதமாக எழுதவேண்டும் என்பது என் கட்சி.

ஆன் கரெத்தாவின் ‘ஸ்ஃபிங்க்ஸ்’ (1986) இன்னும் கடினமான காரியம். கதைசொல்லி, அவர் நேசிக்கும் நபர், இருவருடைய பாலும் கடைசிவரை தெரியாது. பிரெஞ்சில் உடைமைச் சொல் உடைமைப் பொருளின் பாலையே ஏற்கும், அதனால் அங்கே ஒளிவது சுலபம். பெயரடைகளும் சில இறந்தகால வடிவங்களும் காட்டிக்கொடுக்கும். 2015இல் ஆங்கிலமாக்கிய எம்மா ரமதானுக்குச் சிக்கல் நேர் எதிர்: ‘அவனுடைய, அவளுடைய’ என்பதே கண்ணிவெடி. தமிழில் ‘நான் வந்தேன்’ தப்பிக்கும். நேசிக்கப்படும் நபரை வினைமுற்று விடாது: வந்தான், வந்தாள். ‘வந்தார்’ என்று நழுவலாம்தான். ஆனால் நம்மூர்க் காதல் கதையில் ‘அவர்’ என்று சொன்ன மாத்திரத்தில் அது புருஷன், சொல்வது பெண்டாட்டி என்றாகிவிடுகிறதே!