மூச்சுக்கு வாடகை

ஜொகூர் நீரிணையின் மேற்குக் கோடியில், கேலாங் பாத்தாவை ஒட்டி, கடலில் மணல் கொட்டி எழுப்பிய நகரம் ஃபாரஸ்ட் சிட்டி. சீனாவின் கன்ட்ரி கார்டன் நிறுவனம் 2016இல் வீடுகளை விற்கத் தொடங்கியபோது சொன்ன கணக்கு: நான்கு தீவுகள், ஏழு லட்சம் பேர். எழுந்ததோ ஒரு தீவின் ஒரு பகுதி; குடிவந்தவர்கள் சில ஆயிரம். காற்றுக்குக் காசு இல்லை, மழைக்குப் பஞ்சம் இல்லை, பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். ஆனால் சீன அரசு பணம் வெளியே போவதை இறுக்கியது, பெருந்தொற்று வந்தது, 2023இல் தாய் நிறுவனம் கடன் கட்டத் தவறியது. செவ்வாயில் பத்து லட்சம் பேருக்கு நகரம் என்று ஈலோன் மஸ்க் பேசும்போது ஜொகூர்க்காரர்கள் லேசாகச் சிரித்தால் அதில் குற்றமில்லை.

செவ்வாய்க் குடியேற்றம் பற்றிய எழுத்து இன்று ஒரு தனித் துறை. நம்பிக்கைக் கட்சியின் மூலநூல் ராபர்ட் ஸுப்ரின் 1996இல் எழுதிய 'த கேஸ் ஃபார் மார்ஸ்'. எல்லாவற்றையும் பூமியிலிருந்து சுமக்க வேண்டாம், அங்குள்ள காற்றிலிருந்தே எரிபொருளும் ஆக்சிஜனும் எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர் வாதம். அது வெறும் பேச்சில்லை. பெர்சிவரன்ஸ் ஊர்தியோடு போன மாக்ஸி என்ற கருவி, 2021 முதல் 2023 வரை 16 முறை இயங்கி, செவ்வாயின் கரியமில வாயுவிலிருந்து 122 கிராம் ஆக்சிஜனைப் பிரித்துக் காட்டியது. ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 840 கிராம் வேண்டும். கிடைத்தது மூன்றரை மணி நேர மூச்சு. சோதனைக் கருவிதானே, பெரிதாகக் கட்டலாம் என்பார்கள். கட்டலாம்தான், அது நிற்காமல் ஓட வேண்டும், அவ்வளவே.

மாற்றுக் கட்சிக்குக் கெல்லி வீனர்ஸ்மித்தும் ஸாக் வீனர்ஸ்மித்தும் 2023இல் எழுதிய 'எ சிட்டி ஆன் மார்ஸ்' போதும். காற்றழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை; மண்ணில் தைராய்டைக் கெடுக்கும் பெர்குளோரேட் உப்பு; நாள்தோறும் கதிர்வீச்சு. இவற்றுக்கெல்லாம் பொறியாளர்கள் ஏதாவது செய்வார்கள். கருப்பைக்கு என்ன செய்வார்கள்? செவ்வாயின் ஈர்ப்பு பூமியில் உள்ளதில் 38 விழுக்காடு. அந்த ஈர்ப்பில் ஓர் எலிகூட இதுவரை குட்டி போட்டதில்லை. விண்வெளி நிலையத்தில் ஏறக்குறைய ஆறு ஆண்டு வைத்திருந்த, உறையவைத்து உலர்த்திய விந்திலிருந்து ஜப்பானியர்கள் எலிக்குட்டிகளைப் பெற்றது உண்மை. ஆனால் அவை பிறந்தது பூமியில்.

மூடிய கூட்டுக்குள் வாழ்ந்து பார்த்த முயற்சியும் உண்டு. 1991இல் அரிசோனாவின் பயோஸ்ஃபியர் 2 கண்ணாடி மாளிகைக்குள் எட்டுப் பேர் இரண்டு ஆண்டுக்குப் புகுந்தார்கள். 21 விழுக்காடாக இருந்த ஆக்சிஜன் மெல்ல மெல்ல 14 விழுக்காட்டை நெருங்கியது. மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்று கரியமில வாயுவை விட, அந்த வாயுவைக் கட்டடத்தின் கான்கிரீட் உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் வெளியிலிருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். வெளியே அரிசோனா இருந்தது.

அறம் பற்றிய எழுத்தில் கார்ல் சேகன் வழிவந்த ஒரு கிளை, செவ்வாயில் நுண்ணுயிர் இருந்தால் அந்தக் கிரகம் அதற்கே உரியது என்கிறது. ஃபாரஸ்ட் சிட்டிக்காக மணல் கொட்டியபோது பக்கத்து மெராம்போங் கடற்புல் திட்டுகளுக்கு நேர்ந்ததைப் பார்த்தவர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது எடின்பரோ பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் காக்கெல் எழுப்பும் கேள்வி: காற்றையே ஒருவன் தயாரித்துக் கொடுக்கும் இடத்தில் சுதந்திரம் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வியின் பாதியை மலாயாத் தமிழர்கள் வாழ்ந்தே பார்த்திருக்கிறார்கள். ரப்பர் தோட்டத்தில் வேலையும் லயத்து வீடும் தண்ணீரும் ஆயாக் கொட்டகையும் கள்ளுக்கடையும் ஒரே நிர்வாகத்தின் கையில். வேலை போனால் வீடும் போனது. ஆனாலும் தோட்டத்தை நடத்திய துரைக்கு ஒரு பயம் இருந்தது: பிடிக்காதவன் ராவோடு ராவாக அடுத்த தோட்டத்துக்கு ஓடிவிடலாம், கையில் காசு சேர்ந்தால் ஊர் திரும்ப ரஜுலா கப்பல் ஏறலாம். செவ்வாயில் அடுத்த தோட்டம் கிடையாது. கப்பல் வழி திறப்பது 26 மாதத்துக்கு ஒரு முறை. திரும்பும் வழியே இல்லாத பயணத்துக்கு ஆள் எடுத்த மார்ஸ் ஒன் நிறுவனமோ நூறு பேரைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டு 2019இல் திவாலானது. நல்லவேளை, யாரும் கிளம்பியிருக்கவில்லை.

வந்தவன் சம்மதித்து வந்தான் என்றே வைத்துக்கொள்வோம். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணி சொன்னதை நம்பி வந்ததைச் சம்மதம் என்றால். அங்கே பிறந்த பிள்ளை எதற்கும் சம்மதிக்கவில்லை. மலாயாவில் பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாள அட்டையோடு நின்றவர்கள் உண்டு. 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். வெள்ளைக்காரன் விற்ற தோட்டங்கள் துண்டு போடப்பட்ட காலத்தில் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்திலேயே தோட்டங்களை வாங்கினார். செவ்வாயில் அந்த வழியும் மங்கல். 1967 விண்வெளி ஒப்பந்தத்தின்படி எந்த நாடும் அதைத் தனதாக்கிக்கொள்ள முடியாது. நாடு இல்லாத நிலத்துக்குப் பட்டா கொடுப்பது யார்?

மஸ்க்கின் ஸ்டார்லிங்க் இணையச் சேவையின் ஒப்பந்தப் படிவத்தில் 2020இல் ஒரு விதி தென்பட்டது: செவ்வாய் சுதந்திரக் கிரகம், பூமியின் எந்த அரசுக்கும் அங்கே அதிகாரமில்லை. தனியார் செய்வதற்கும் அவரவர் நாடே பொறுப்பு என்று அதே 1967 ஒப்பந்தம் சொல்வதால் இது சட்டத்தில் நிற்காது. நிற்காவிட்டால் என்ன, கிரகங்கள் எட்ட இருக்கும்போது ஒரு மனு பூமிக்கு வந்து சேரவே இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும் இடத்தில் அதைத் தட்டிக் கேட்பது யார்? மலாயாவில் 1920களிலிருந்து இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் இருந்தார். தோட்டம் தோட்டமாகப் போய் லயங்களைப் பார்த்து, கூலியை விசாரித்து, ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். அவரால் பெரிதாக எதையும் மாற்ற முடியவில்லை. ஆனால் துரை எழுதாத கணக்கு ஒன்று அவரால் ஏட்டில் ஏறியது. செவ்வாய்க்குப் போகும் முதல் கப்பலில், பொறியாளருக்கு அடுத்த இருக்கையை அப்படி ஓர் ஆளுக்கு ஒதுக்கச் சொல்வேன், திரும்பி வரும் இருக்கையையும் சேர்த்து.