விளிக்கப்படுவோர் யார்? : உரிமைப் பேச்சும் சாதனைப் பேச்சும்

ஜோகூர் மாநிலத்தின் வடபகுதியில், லேடாங் மலையை அண்மையில் கொண்டுள்ள தங்காக், துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கு மாணவர்க்கென நடைபெற்ற பேச்சுப் போட்டி ஒன்றில் நாம் நடுவருள் ஒருவராக அமர்ந்திருந்தோம். பெண்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் உரிமை என்பது பொருள். பேசியவருள் பலரும் ஹெலன் கெல்லரைப் போற்றினர், முயன்றால் முடியாதது இல்லை என்று முழங்கினர், கைதட்டல் பெற்றனர். ஒரு மாணவி மட்டும் தம் பாட்டியைச் சக்கர நாற்காலியில் துணி வாங்க அழைத்துச் சென்றதைச் சொன்னார். வழக்கில் அஞ்சடி எனப்படும் கடைமுன் நடைபாதை கடைக்குக் கடை உயர்ந்தும் தாழ்ந்தும் இருப்பதால், எந்தக் கடைவாசலில் நாற்காலி நின்றுவிட்டது என்பதை வரிசையாகக் கூறினார். கடை உரிமையாளரையும் உள்ளூராட்சியினரையும் நோக்கிச் சரிவுப்பாதை கேட்டு அமர்ந்தார். 'உணர்ச்சி குறைவு' என்று அவருடைய மதிப்பெண் தாளில் எழுதப்பட்டது. எழுதியவருள் நாமும் ஒருவர். அம்மதிப்பீடு பிழையானது என்பதைப் பின்னரே உணர்ந்தோம். அப்பிழையின் காரணத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நம் மேடைத்தமிழில் மாற்றுத்திறனாளி பற்றிய பேச்சு பெரும்பாலும் சாதனைப் பேச்சாகவே அமைகின்றது. துன்பம், மனவுறுதி, வெற்றி என்னும் மூன்று படிகளில் அது ஏறி முடியும். அதனைக் கேட்போர் நெகிழ்வர். ஆனால் எவர்க்கும் ஒரு கடமை எஞ்சுவதில்லை. உரிமைப் பேச்சோ ஒருவரை விளிக்கிறது. அவர் செய்ய வேண்டியது இன்னதெனச் சொல்லி, அதற்குச் சான்றும் காட்டுகிறது. இவ்விரண்டையும் பிரிக்கும் உரைகல் உணர்ச்சியின் அளவன்று. விளிக்கப்படுவோர் உளரா இலரா என்பதேயாகும்.

இது மேலைநாட்டிலிருந்து நாம் கடன்பெற வேண்டிய கருத்தன்று. சிலப்பதிகாரத்து வழக்குரை காதையை மீண்டும் நோக்குக. கண்ணகி அரசனை நேர்நின்று விளிக்கிறாள். புறாவின் பொருட்டுத் தன்னையே தந்தவனையும், பசுவின் துயர் கண்டு தன் மகனையே தேரின்கீழ் இட்டவனையும் தன் நாட்டு நீதிக்கு முன்னுதாரணமாக நிறுத்துகிறாள். ஊரையும் கணவனையும் தன் பெயரையும் கூறி, சிலம்பின் பரல் மாணிக்கம் எனச் சான்றை முன்வைக்கிறாள். அவள் இரக்கத்தைக் கோரவில்லை. தீர்ப்பின் பிழையை மெய்ப்பிக்கிறாள். வகுப்பறையில் நாம் இக்காதையைச் சினத்தின் காட்சியாக நடத்திவிட்டு, அதிலுள்ள வாதத்தின் ஒழுங்கை விட்டுவிடுகிறோம். போட்டிக்கு வரும் மாணவியர் தலைவிரி கோலத்தை நடித்துக் காட்டுவதும் இதனால்தான் போலும்.

மலேசிய வரலாற்றிலும் இவ்வகைப் பேச்சுக்குச் சான்று உண்டு. ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, பின்னர் ஆசிரியரான இராசம்மா பூபாலன், 1960இல் அமைந்த பெண் ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவராக இருந்து சம ஊதியம் கோரினார். ஒரே பணி புரியும் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஊதியம் ஏன் வேறுபட வேண்டும் என்பதே வினா. அது அரசாங்கத்தை நோக்கிய வினா. ஆதலின் விடையும் அரசாங்கத்திடமிருந்தே வர வேண்டியிருந்தது. 2001இல் கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)ஆம் பிரிவில், வேறுபாடு காட்டலாகாக் காரணங்களுள் பாலினமும் சேர்க்கப்பட்டது. உடற்குறை அத்திருத்தத்தில் இடம்பெறவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனிச்சட்டம் 2008இல் வந்தது. பொது இடங்கள், போக்குவரத்து, கல்வி, வேலை ஆகியவற்றில் அவர்களுக்குள்ள உரிமையை அச்சட்டம் கூறியது. மறுப்போர்க்குத் தண்டனை கூறவில்லை. தண்டனையற்ற சட்டத்திற்குக் கேட்கும் குரலே வலிமை. அக்குரலைத்தான் நம் போட்டி மேடைகள் தன்னம்பிக்கை உரையாக மாற்றிவிடுகின்றன.

இம்மாற்றம் எவ்வாறு நிகழ்கிறது என்பதற்குக் கும்பகோணத்தில் பிறந்த மாளவிகா ஐயரின் பேச்சுகள் தக்க எடுத்துக்காட்டு. இராசத்தானத்துப் பிக்கானேரில் 2002ஆம் ஆண்டு, பதின்மூன்று வயதில், குண்டு வெடித்து இரு கைகளையும் இழந்தவர் அவர். 2004இல் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேர்வெழுதிச் சிறப்புற்றார். அப்துல் கலாம் அழைத்துப் பாராட்டினார். 2013இல் சென்னை மேடையிலும், 2017 மார்ச்சில் நியூயார்க்கில் ஐக்கிய நாடுகள் தலைமையகத்திலும் உரையாற்றினார். 2018இல் இந்தியக் குடியரசுத் தலைவர் கையால் மகளிர் ஆற்றல் விருது பெற்றார். இவற்றை நம் இதழ்கள் பலமுறை எழுதிவிட்டன. ஆனால் சமூகப்பணித்துறையில் முனைவர் பட்டம் பெற்ற ஆய்வாளர் அவர் என்பதும், மாற்றுத்திறனாளிகள்பால் சமூகம் கொள்ளும் மனப்பாங்கு அவருடைய ஆய்வுப்பொருள் என்பதும் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டன. பெண்ணாகவும் மாற்றுத்திறனாளியாகவும் ஒருங்கே இருப்பவர் மீது விழும் இரக்கப் பார்வையை அவர் பேசுகிறார். நாமோ அதே இரக்கத்தோடு கேட்டுக் கைதட்டுகிறோம்.

எனினும், அவருடைய பேச்சில் சாதனை வடிவமும் இருக்கவே செய்கிறது. அதனை இழிவாகக் கருதுவது தகாது. வீட்டின் உள்ளறையில் மறைத்து வைக்கப்பட்டோர் எண்ணிறந்தோர். மறைக்காத கைகளோடு ஒரு பெண் அவைமுன் நிற்பதே ஓர் உரிமைக் கோரிக்கைதான். நாம் குறை காண்பது பேசுவோரிடத்து அன்று. கோரிக்கையை வடித்தெடுத்துவிட்டுக் கதையை மட்டும் வைத்துக்கொள்ளும் கேட்போரிடத்துத்தான். ஆஸ்திரேலியாவின் ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னியில் ஆற்றிய உரையில் இதனை எள்ளலுடன் கூறினார். சக்கர நாற்காலியில் அமர்ந்து அவர் சட்டப்பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, எப்போது ஊக்க உரையைத் தொடங்குவீர்கள் என்று ஒரு மாணவன் கேட்டானாம். ஆசிரியராயினும் அவனுக்கு அவர் எழுச்சியூட்டும் பண்டமாகவே தோன்றினார். ஹெலன் கெல்லரையும் நாம் நீர்க்குழாயடியில் சொல்லறிந்த சிறுமியாகவே நிறுத்திவிட்டோம். பெண்களின் வாக்குரிமைக்கும் தொழிலாளருக்கும் மேடையேறிய பொதுவுடைமைச் சார்பாளர் நம் மாணவர் உரைகளில் தலைகாட்டுவதே இல்லை.

கலைச்சொல்லும் இதில் பங்கு கொள்கிறது. புறநானூற்று 28ஆம் பாடலில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்வகை எச்சங்களை எண்ணுகிறார். அங்குப் பேசப்படுவது குறை. 'ஊனமுற்றோர்' என்பதிலும் அதுவே. 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் மதிப்பளிக்கும் நோக்கில் வந்தது. அதனை நாமும் ஆள்கிறோம். ஆயினும் குறையை நீக்கிய அச்சொல் அவ்விடத்தில் திறனை வைத்தது. திறன் காட்டாத மாற்றுத்திறனாளிக்கு உரிமை இல்லையா என்னும் ஐயம் அதனுள் உறைகிறது. அஞ்சடியில் நாற்காலி நின்றுபோன அந்தப் பாட்டி எந்தச் சாதனையும் புரிந்தவரல்லர். அவருக்கு வேண்டியது ஒரு புடவை.

அன்றைய மதிப்பெண் தாளில் குரல், உச்சரிப்பு, மெய்ப்பாடு, மொழிவளம், நேரம் என ஐந்து கட்டங்கள் இருந்தன. யாரிடம் என்ன கேட்கப்பட்டது என்பதற்கு அதில் இடமில்லை. தாளை வகுத்தோர் நம்மைப் போன்ற ஆசிரியர்களே. பரிசளிப்புக்காக மாணவர் மேடையேறியபோதுதான் மேடைக்குப் படிகள் மட்டுமே இருந்ததைக் கவனித்தோம். அதுவரை நாம் அதன்மேல்தான் அமர்ந்திருந்தோம்.