அலுமினியத்திற்கு ஏற்றும் பதம்

மென்மையை இயல்பாகக் கொண்ட அலுமினியம், ஆகாய விமானத்தின் சிறகைத் தாங்கும் உலோகமாக உயர்ந்ததற்கு, உஷ்ணத்தாலும் உருமாற்றத்தாலும் அதற்கு ஏற்றப்படும் பதமே காரணம். 1906-ஆம் ஆண்டில் பெர்லினுக்கு அருகில் ஆல்பிரட் வில்ம் என்னும் உலோக அறிஞர், தாமிரமும் சிறிது மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைக் காய்ச்சி, நீரில் தோய்த்து, சில தினங்கள் கழித்துச் சோதித்தபோது, எவரும் தொடாமலே அது கடினப்பட்டிருந்தது. சூட்டில் கரைந்த தாமிர அணுக்கள், திடீர்க் குளிர்ச்சியால் பிரிந்து வெளிவர வழியின்றிச் சிறைப்பட்டு, பின்னர் மெல்ல நுண்தகடுகளாகத் திரள்வதை 1938-இல் கினியேயும் பிரெஸ்டனும் எக்ஸ் கதிர்களின் துணையால் தனித்தனியே காட்டினார்கள். அத்தகடுகளே படிக அடுக்குகளின் வழுக்கலுக்குத் தடையாய் நிற்கின்றன.

உருளையழுத்தமும் இழுப்பும் தரும் உறுதி வேறு வகையைச் சேர்ந்தது. அவற்றால் படிகத்தில் அணுவரிசை பிசகிய இடங்களான பிறழ்வுக் கோடுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகரமாட்டாமல் நின்றுவிடுகின்றன. இவ்விரு வகை உறுதியையும் சேர்த்தால் எப்பொழுதும் இரட்டிப்புப் பயன் கிட்டும் என்ற நம்பிக்கையை நான் ஏற்பதற்கில்லை. சாட்டர்ன் 5 ராக்கெட்டின் முதற்கட்டத் தொட்டிகளுக்கும், இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் கிரையோஜெனிக் தொட்டிகளுக்கும் பயன்பட்ட 2219 என்னும் தாமிரக் கலவையை எடுத்துக்கொள்வோம். தோய்த்து, மிதமான சூட்டில் வைத்து முதிர்த்தால் மட்டும் அது ஏறத்தாழ 290 மெகாபாஸ்கலில் நிரந்தரமாக நெளியத் தொடங்கும். தோய்த்தபின், முதிர்த்தலுக்கு முன், குளிர்நிலையில் நூற்றுக்கு ஏழு பங்கு உருமாற்றினாலோ, பிறழ்வுக் கோடுகளே நுண்தகடுகள் முளைக்கும் இடங்களாகி, அவ்வெல்லை 395-ஐ எட்டுகிறது. அதே உருமாற்றத்தைக் காய்ச்சுவதற்கு முன்பே செய்திருந்தால், 535 பாகை உஷ்ணம் அக்கோடுகளை அழித்து, உழைப்பை வீணாக்கியிருக்கும். ஆக, வரிசையே பயனை நிர்ணயிக்கிறது.

வரிசை சரியாயிருந்தும் எல்லாக் கலவைகளும் இணங்குவதில்லை. துத்தநாகம் மிகுந்த 7075-இல், பிறழ்வுக் கோடுகளின்மேல் படிவுகள் பருத்துவிடுவதால், இடையுருமாற்றம் வலிமையைக் கூட்டுவதில்லை. சற்றுக் குறைப்பதும் உண்டு. எனினும் தோய்த்த தகட்டை நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் நீட்டுவது அவசியமான செயலே; திடீர்க் குளிர்ச்சியால் உள்ளே தங்கிய இழுபறியை அது தணித்து, பின்னர்க் கடையும்போது தகடு கோணிப்போகாமல் காக்கிறது.

பதமேற்றலில் நேரும் பெருந்தோஷம், உச்ச வலிமை என்ற ஒரே எண்ணைக் கொண்டு பதத்தைத் தேர்வதில் இருக்கிறது. 120 பாகையில் ஒரு நாள் முதிர்த்த 7075, டி6 என்னும் பதத்தில், சுமார் 500 மெகாபாஸ்கல் வரை நெளியாமல் தாங்கும். ஆனால் இடையறாத இழுவிசையும் உப்பு ஈரமும் ஒருங்கே தாக்கும்போது, குறிப்பாகத் தடித்த பாகங்களில் தடிப்பின் குறுக்கே, முன்னறிவிப்பின்றிப் பிளக்கக்கூடும். உச்சத்தைக் கடந்தும் முதிர்த்த டி73 பதம் வலிமையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை இழக்கிறது. அதற்கு ஈடாக அப்பிளவை எதிர்க்கும் ஆற்றலைப் பெறுகிறது. உச்ச எண்ணை மட்டும் நம்பலாகாது என்பதற்கு மற்றொரு சான்றும் உண்டு: பற்றவைப்பின் சூடு பதத்தைக் கலைத்துவிடுவதால், முற்கூறிய ராக்கெட் தொட்டிகளின் இணைப்போரங்களை அதிகத் தடிப்பாகவே விடுகிறார்கள்.

ஈரக்காற்றில் உழைக்கவேண்டிய தடித்த பாகங்களுக்கு டி6-ஐ விட டி73-ஐ ஏற்பதே முறை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.