பெயர்ப் பலகையும் பெயர் மயக்கமும்

வணிகப் பெயர் பொருளை இனங்காட்டுவதோடு, வாங்குவோனுக்கு விடுக்கும் அழைப்பாகவும் அமைதல் வேண்டும். இவ்வளவுகோல் கொண்டு புத்தளம் மாவட்டக் கரையோரப் பெயர்ப் பலகைகளை நோக்குமிடத்துச் சில விந்தைகள் புலனாகின்றன.

‘ஹோட்டல்’ என்பதைக் கண்டு தங்குவதற்கு அறை கேட்கும் வெளிநாட்டார் பல இடங்களில் ஏமாறுவர்; அங்கே கிடைப்பன சோறும் கொத்துரொட்டியுமே. ‘வைன் ஸ்டோர்ஸ்’ பெரிதும் விற்பது திராட்சை மதுவன்று, சாராயமே. தொலைபேசி அழைப்புக்கென எழுந்த ‘கொமியூனிகேஷன்’ போட்டோப் பிரதியும் எடுத்துத் தருகின்றது. இவை கண்டு மொழியன்பர் சினப்பர். ஆயினும் உள்ளூரார் எவரும் இவற்றால் மயங்குவதில்லை. வழக்கு அச்சொற்களுக்குப் புதுப்பொருள் தந்து தனதாக்கிக்கொண்டது. போர்த்துக்கேயரிடமிருந்து வந்த ‘அலுமாரி’யும் ‘கதிரை’யும் இவ்வாறே நம் வீட்டுச் சொற்களாயின.

உண்மையான மயக்கம் பிறிதோரிடத்தில் உள்ளது. ‘கற்பிட்டி’ என்னும் ஊர்ப்பெயர், உல்லாசப் பயணிகளை நாடும் பலகைகள் சிலவற்றில் தமிழெழுத்திலேயே ‘கல்பிட்டிய’ என்றாகின்றது. ‘நுரைச்சோலை’ என்னும் அழகிய பெயரும், 2011இல் அங்கு அனல்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், ‘நொரொச்சோலை’ எனச் சிதைந்து பரவிற்று. களப்பின் கரையிலேயே ‘லகூன்’ என்ற பெயர் நிற்கின்றது. ‘களப்பு’ என்ற சொல்லைக் காணோம்.

வணிகர் அயலாரை நோக்கிப் பெயரிடுவதில் தவறென்ன என வினவலாம். ஆங்கில வரி அயலாருக்குரியது. ‘கல்பிட்டிய’ சிங்கள வரியில் முறையான வடிவமே. ஆனால் தமிழ் வரி தமிழ் வாசகனுக்குரியதன்றோ? அவன் வழங்காத பெயரை அது உரைப்பின், அவ்வரி யாருக்காக எழுதப்பட்டது?

1987ஆம் ஆண்டின் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. சட்டம் பலகையில் தமிழுக்கு இடம் பெற்றுத் தரலாம்; அவ்விடத்தில் எழுதப்படும் சொல்லைக் காப்பது வழங்குவோர் பொறுப்பாகும். நீர்கொழும்பு முதல் சிலாபம் வரையான கரையோரத்தில், பாடசாலையிலும் வழிபாட்டிலும் மொழி மாறியபோது, சில தலைமுறைகளுள் தமிழ் பேசிய பல குடும்பங்கள் சிங்களம் பேசுவனவாயின. அதனை நினைவிற் கொண்டால் இதனை எழுத்துப்பிழையென ஒதுக்க இயலாது. பிறமொழிச் சொல்லைத் தமிழ் ஏற்கலாம்; தன் ஊர்ப்பெயரை அந்நியமாகத் திரும்பப் பெறுதல் ஏற்கத்தக்கதன்று. பலகை எழுதுவிப்போர், ஊரார் தம் ஊரை எவ்வாறு அழைக்கின்றனர் என முதலில் கேட்டறிவாராக.