பிரம்பும் பேரேடும்

எந்த நாடக விழாவுக்குப் போனாலும் ஒரு பேச்சு காதில் விழுகிறது. சிறுவர்களைச் சேர்த்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனியில் பிரம்படி பட்டவர்கள்தாம் நடிகர்கள் ஆனார்களாம். அந்தக் கட்டுப்பாடு போனதோடு தமிழ் நாடகமும் போயிற்றாம். ஒத்திகைக் கூடத்தில் கத்துகிற இயக்குநர்களும் இதையே சாக்காகச் சொல்கிறார்கள். இது தவறு மட்டுமல்ல, கொடுமைக்குத் தரும் நற்சான்று. நாடகங்களைக் கவிழ்த்தது நடிகனின் ஒழுங்கீனத்தைவிடத் தலைமையின் நாணயக்கேடுதான் என்பது என் கட்சி.

பிரம்பில்லாத கட்டுப்பாடும் உண்டு. தஞ்சை கோவிந்தசாமி ராவின் குழு சென்னையில் ஆடியதைப் பார்த்த பம்மல் சம்பந்த முதலியார் 1891-இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் சேர்ந்த அந்தச் சபையிலும் கடுமையான கட்டுப்பாடு இருந்தது. ஆனால் பம்மல் அதை முதலில் தன் மேல் போட்டுக்கொண்டார். ஒத்திகைக்கு அவரே நேரம் தவறாமல் வந்து நிற்கும்போது மற்றவர்கள் எப்படித் தாமதிப்பார்கள்?

எங்கள் வலங்கைமானிலிருந்து சைக்கிளில் போய்விடும் தூரத்தில் கும்பகோணம். அங்கே பாலாமணி அம்மாள் பெண்களை மட்டுமே வைத்து ஒரு கம்பெனி நடத்தினார். அவர் நாடகம் பார்க்கத் தனி ரயிலே விட்டார்கள். ஆதரவற்ற பெண்களுக்குச் சோறும் கூரையும் மேடையும் தந்த அந்தத் தலைவியின் வரலாற்றை நம் நாடக நூல்கள் ரயில் கதையோடு முடித்துக்கொள்கின்றன. கடைசிக் காலத்தில் அவர் மதுரையில் வறுமையில் கிடந்தார்.

அதே கும்பகோணத்தில் ஆனையடிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகளைக் குடும்ப வறுமை மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்கு அனுப்பியது. சக்கரபாணி, அவர் தம்பி எம்.ஜி.ஆர். திருச்சியில் இன்னொரு சிறுவன் தான் அநாதை என்று பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சேர்ந்தான். ஆண்டுக்கணக்கில் வீட்டைப் பார்க்கவில்லை. அவர்தான் சிவாஜி கணேசன். பிரம்பின் பெருமை பேசுகிறவர்கள் இந்தப் பெயர்களைத்தான் அடுக்குவார்கள். அதே அடியைத் தின்று, பெயரில்லாமல் ஊர் திரும்பிய பிள்ளைகளை யார் எண்ணினார்கள்?

மகரக்கட்டு உடைவது என்று கம்பெனிகளில் சொல்வார்கள். பெண் வேஷம் கட்டும் ஸ்திரீபார்ட் பையனின் குரல் ஒருநாள் கரகரத்துப் போகும். நேற்றுவரை வசூலைத் தாங்கியவன் இன்று தண்டச்சோறு. பி.யு.சின்னப்பாவே குரல் உடைந்து கம்பெனியை விட்டுப் புதுக்கோட்டைக்குத் திரும்பிச் சிலம்பமும் தேகப்பயிற்சியும் செய்துகொண்டிருந்தார். பையனின் குரல் உடையும் என்பது முதலாளிக்கு அவனைச் சேர்க்கும்போதே தெரியும். பிறகு அவனை என்ன செய்வது என்று யோசிப்பதுதான் தலைமை. அதை யோசிக்காத இடத்தில் நடிகன் முதல் வாய்ப்பிலேயே ஓடிப்போவான். அன்றிரவு நாடகத்தில் நாயக வேஷம் கட்ட ராஜபார்ட் இருக்கமாட்டான். இதற்கு விசுவாசமின்மை என்று பெயர் வைத்தவர்கள் முதலாளிகள். 1931-இல் பேசும்படம் வந்ததும் நடிகர்கள் கூட்டம் கூட்டமாகப் போனார்களே, சினிமா மோகம் ஒன்றுதானா காரணம்?

நாணயமான தலைமைக்கும் சாட்சி இருக்கிறது. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சனீஸ்வரனாகவும் எமனாகவும் வேஷம் கட்டிய நாட்களில், அந்தக் கோலத்தைக் கண்டு கர்ப்பிணிப் பெண்கள் அதிர்ச்சிக்குள்ளானதாகச் சொல்வார்கள். அதோடு அவர் நடிப்பை விட்டு ஆசிரியரானார். தன் கலை பிறருக்குச் செய்யும் தீங்குக்குத் தானே பொறுப்பு என்று நினைத்த மனிதர் அவர். 1918-இல் அவருடைய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சேர்ந்த டி.கே.எஸ். சகோதரர்கள், 1925-இல் தாங்களே ஸ்ரீ பால ஷண்முகானந்த சபாவைத் தொடங்கினார்கள். அப்போது அவர்களில் ஒருவரான டி.கே.சண்முகத்துக்குப் பதின்மூன்று வயதுகூட நிரம்பவில்லை. பையன்களாகக் கஷ்டப்பட்டவர்கள் நடத்திய கம்பெனி கால் நூற்றாண்டு நின்றது. கலைவாணர் அங்கிருந்துதான் வந்தார். எஸ்.வி.சகஸ்ரநாமமும் அங்கிருந்துதான் வந்தார். சகஸ்ரநாமம் பின்னாளில் சேவா ஸ்டேஜ் என்ற குழுவை நடத்தி, நம் டெல்டாவின் தி.ஜானகிராமனை 'நாலு வேலி நிலம்', 'வடிவேலு வாத்தியார்' என்று நாடகம் எழுத வைத்தார். என் கண்ணில் தமிழ் நாடகத்தின் பெருமைக்குரிய கால்வழி இதுதான்.

பிரம்போ தலைவரோ இல்லாமலும் நாடகம் நடக்கும். ஸ்பெஷல் நாடகத்தில் இயக்குநரே கிடையாது. முன்பின் ஒத்திகை பார்க்காத நடிகர்கள் இரவு மேடையில் சந்தித்து விடியும்வரை 'வள்ளி திருமணம்' ஆடுகிறார்கள். பேசிய தொகை கைக்கு வரும் என்ற நம்பிக்கை ஒன்றே அவர்களுக்குப் போதும்.

நவீன நாடகத்தில் முதலாளி போய் இயக்குநர் வந்தார். பிரம்பு போனது, கணக்கெழுதும் பேரேடு இன்னும் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு மாதம் ஒத்திகை நடந்தது, நானும் உடனிருந்தேன். மானியத் தொகைக்கு என்று வெற்றுத்தாளில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். கணக்குக் கேட்ட பெண்ணை எல்லோர் முன்னாலும் இயக்குநர் அவமானப்படுத்தினார். அவள் போனாள், பின்னாலேயே மிருதங்கக்காரரும் போனார். அரங்கேற்றத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது நாடகம் நின்றது. நான் அன்றே வாய் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

பெரிய ஊர்களிலும் இதே கதைதான். சிகாகோவின் ப்ரொஃபைல்ஸ் தியேட்டர், கலை இயக்குநர் மீதான அத்துமீறல் புகார்கள் பற்றிய பத்திரிகைக் கட்டுரை வந்த ஒரு வாரத்துக்குள் 2016-இல் மூடப்பட்டது. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண்களின் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த நாடகக் குழுக்களில் எத்தனையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

பங்குனியில் பாடைக்காவடித் திருவிழா பார்க்க வலங்கைமானுக்கு வரும் கூட்டத்தின் முன்னால் நாடகம் போட விரும்பும் இளைஞர்கள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்: முதல் ஒத்திகைக்கு முன்பே யாருக்கு எவ்வளவு என்று எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். எழுத மறுக்கும் இயக்குநரின் நாடகத்தில் வேஷம் கட்டாதீர்கள்.