இசைத்தட்டும் 30 விநாடிகளும்

ஒரு கலையின் வடிவத்தை அதனைத் தாங்கிவரும் சாதனமும் ஓரளவுக்கு நிர்ணயிக்கிறது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்தாகும். எனினும், அச்சாதனத்தின் எல்லைகளை யார் வகுக்கின்றனர் என்னும் வினா போதியளவு எழுப்பப்படுவதில்லை. இலக்கமுறைத் தொழில்நுட்பம் இசையில் ஏற்படுத்திவரும் மாற்றத்தை நோக்குமிடத்து இவ்வினா இன்றியமையாததாகிறது.

நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற 10 அங்குல அரக்கு இசைத்தட்டு, ஒரு பக்கத்தில் சுமார் 3 நிமிட இசையையே கொள்ளக்கூடியதாயிருந்தது. கோயில் வீதியில் மணிக்கணக்காக விரியும் இராக ஆலாபனை அச்சிறு வட்டத்துள் ஒடுங்க வேண்டியிருந்தது. ஆயினும், திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டு, நாதஸ்வரத்தைக் கோயிலுக்கு வெளியே எண்ணற்றோரின் செவிகளுக்குக் கொண்டுசென்றது. 1948இல் நெடுநேர இசைத்தட்டு வந்ததும் ஒரு பக்கம் 20 நிமிடங்களுக்கு மேலாக நீண்டது, எல்லையும் அகன்றது.

இன்று பாடலின் நீளத்துக்குத் தொழில்நுட்பம் தடையன்று. ஆயினும் பாடல் அவசரப்படுகிறது. 1980களின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவின் முன்னணிப் பாடல்களில் சராசரியாக 20 விநாடிகளுக்கு மேலிருந்த முன்னிசை, 2015 அளவில் சுமார் 5 விநாடிகளாகக் குறைந்துவிட்டதை 2017இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. 2008இல் இணையவழிப் பாடற்சேவையைத் தொடங்கிய ஸ்பொட்டிஃபை, 30 விநாடிகள் கேட்கப்பட்ட பின்னரே ஒரு செவிமடுப்பைக் கணக்கிற் கொள்கிறது. 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1000 தடவையேனும் கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு அது உரிமைப்பணம் வழங்குவதில்லை. முன்னிசையின் சுருக்கம் இச்சேவைக்கு முன்னரே தொடங்கியதுதான். எனினும், அவசரத்துக்கு ஊதியத்தின் வலுவைச் சேர்த்தவை இத்தகைய விதிகளே எனலாம்.

இங்குதான் பழைய எல்லைக்கும் புதிய எல்லைக்குமுள்ள வேறுபாடு புலனாகிறது. முன்னது அரக்கின் இயல்பு. பின்னது மனிதர் வகுத்த கணக்கு. பெருங் கம்பனிகளின் தயவின்றித் தமது பாடலை உலகுக்கு வழங்க வழி திறந்தமை மறுக்கவொண்ணாத முன்னேற்றமே. ஆனால், சிறியதொரு மொழிச் சமூகத்தில் 900 தடவை கேட்கப்பட்ட பாடல் அச்சமூகத்துக்குப் பெரும் பேறாகலாம்; கணக்கேட்டிலோ அது பூச்சியம். இதனைத் தொழில்நுட்பத்தின் நியதியெனக் கொள்வது, விதியை வகுத்தோரை மறைத்துவிடுகிறது.

ஆகவே, கடந்த காலத்தை நினைந்து பெருமூச்செறிவதோ புதுமையை வாழ்த்துவதோ மாத்திரம் விமரிசனமாகாது. ஒரு பாடல் ஏன் இவ்வாறு தொடங்கி இவ்வளவில் முடிகிறது என ஆராயும் விமரிசகன், அதன் சுரங்களோடு அதன் கணக்கேட்டையும் வாசிக்க வேண்டியவனாகிறான்.